ஒன்பது மணிக்கு மூடிவிடும் மலைகள்: இலங்கை மலையகப் பயணம்

பிப்ரவரி 10, 2024, சனி: கித்துல்கல

அவிசாவளை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம். கொஞ்ச தூரத்தில் ஒரு பக்கம் மலை நெருங்கிவர, இன்னொரு பக்கம் களனி ஆறு வந்து சேர்ந்துகொண்டது. பஸ் இரைச்சலையும் மீறி ஆற்றின் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் இருந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுலயாடி நம்மளத் தள்ளிவிடப் போறாங்க?" என்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் கிணற்று நீச்சல்தான்.

இலங்கையில் ராஃப்டிங் என்றால் கித்துல்கலதான். ரப்பர் படகில் ஆறேழு பேர், பின்னால் வழிகாட்டி, ஆளுக்கொரு துடுப்பு. தலைக்கு நாலாயிரம் இலங்கை ரூபாய், நம்மூர்க் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை வழிகாட்டிப் பையன் இழுத்த இழுப்பில் அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அம்மா, இது லூஸா இருந்தா நீங்க கீழ போவீங்க, ஜாக்கெட் மேல போகும்" என்றான். சிங்களப் பையன். ஹட்டன் பக்கத்து நண்பர்களோடு பழகியதில் தமிழ் வந்துவிட்டதாம்.

மேலே மின் நிலையத்தில் எப்போது தண்ணீர் விடுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் ஆற்றின் வேகம். நாங்கள் போன நேரம் நல்ல வேகம். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெட் சாப்பர் என்று ஒன்று. பெயரை முதலிலேயே சொன்னால் யாரும் படகில் ஏறமாட்டார்கள் என்று அதைத் தாண்டிய பிறகுதான் சொன்னான். பாறைக்கும் பாறைக்கும் நடுவில் படகின் மூக்கு கீழே இறங்கும், ஒரு நொடி தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது, அப்புறம் எல்லோரும் கத்திக்கொண்டே மேலே வந்துவிடுவோம். அக்கா துடுப்பை ஒரு தடவைகூடத் தண்ணீரில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு அமைதியாகும் இடத்தில் எல்லோரையும் குதிக்கச் சொன்னார்கள். அங்கேதான் ஆச்சரியம். அதுவரை முருகனைக் கூப்பிட்டவள் முதல் ஆளாக இறங்கி, மல்லாந்து படுத்து மிதக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கரையிலும் காடு, மேலே மேகம், லேசான தூறல். திரும்ப ஏறச் சொன்னபோது, "இன்னும் கொஞ்ச நேரம், தம்பி" என்றாள்.

மதியம் கரையோரக் கடையில் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல், பொரித்த மீன். ஐந்நூறு ரூபாய். சோறும் கறியும் கேட்கக் கேட்கப் போட்டார்கள். சாப்பிட்ட பிறகு பால் இல்லாத தேநீர், கூடவே கித்துள் என்கிற கூந்தற்பனையின் கருப்பட்டித் துண்டு. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். நான் துண்டைத் தேநீருக்குள் போட்டதைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு: நல்லதண்ணி

இலங்கை பஸ்களில் முன்பக்க இருக்கை ஒன்று மதகுருமாருக்கு. காலியாகத்தானே இருக்கிறது என்று அக்கா அதில் உட்கார்ந்துகொண்டாள். கினிகத்தேனையில் ஒரு பிக்கு ஏறினார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா எழுந்த அதே நேரத்தில் பின்னால் இருந்து ஓர் இளைஞன் எழுந்து, தன் இடத்தைக் கையால் காட்டிவிட்டு ஹட்டன்வரை நின்றுகொண்டே வந்தான். இத்தனைக்கும் அவன் மடியில் ஒரு மூட்டை இருந்தது. அதையும் தோளில் தூக்கிக்கொண்டான்.

ஹட்டன் வந்ததும் காதில் விழுவதெல்லாம் தமிழ். கடைப் பலகை, காய்கறி விலை, பஸ் நிலையச் சண்டை எல்லாம் நம் பேச்சு. அங்கிருந்து சிவனொளிபாத மலையின் அடிவாரமான நல்லதண்ணிக்கு இன்னொரு பஸ். வழியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நீளமாகக் கூடவே வருகிறது. பழைய மஸ்கெலியா நகரம் இந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது என்றும், வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும் என்றும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இன்று தெரியவில்லை.

ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். அலாரம் ஒன்றரைக்கு.

பிப்ரவரி 12, திங்கள்: சிவனொளிபாத மலை

2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்து ஐந்நூறு படிகள் என்கிறார்கள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமிவரை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் பாதை முழுக்க விளக்கு எரியும். விடுதி வாசலில் இருந்து பார்த்தால் இருட்டுக்குள் அந்த விளக்குக் கோடு மட்டும் வானத்தை நோக்கிப் போகிறது. அதன் முடிவு எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்த அக்கா, மறுபடி பார்க்கவே இல்லை. அதுதான் சரியான முறை என்று அப்புறம் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம் தேயிலைக்கு நடுவே சுலபமான நடை. ஜப்பானியர்கள் கட்டிய சமாதானத் தூபியைத் தாண்டி, சீத கங்குல என்ற குளிர்ந்த ஓடையில் முகம் கழுவிக்கொண்டோம். அதற்குப் பிறகு படி, படி, படிதான். ஒன்று அரை அடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி. கால் ஒரு தாளத்துக்குப் பழகுவதற்குள் படியின் உயரம் மாறிவிடும்.

பாதை நெடுக மனிதர்கள். வெள்ளை உடுத்திய சிங்களப் பாட்டிகள் மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறினார்கள். பாட்டின் ஓரடியை முன்னால் போகிறவர் எடுத்துக்கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் சமன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி முடிப்பார்கள். இறங்கி வருகிறவர்களும் அதே பாட்டில் நமக்கு ஆசி சொல்லிவிட்டுப் போகிறார்கள். மூச்சு வாங்க நின்ற இடத்தில், போர்வைக்குள் சுருண்டிருந்த ஓர் அம்மா எழுந்து அக்காவுக்கு உட்கார இடம் விட்டார். மொழி தெரியாது. அக்காவின் முழங்காலைக் காட்டி, தன் முழங்காலையும் காட்டி, பையிலிருந்து தைலம் எடுத்து அக்கா கையில் தேய்த்துவிட்டார்.

தேநீரின் விலையை வைத்தே உயரம் சொல்லிவிடலாம். அடிவாரத்தில் 50 ரூபாய், பாதி வழியில் 80, உச்சிக்குப் பக்கத்தில் 150. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மஹகிரிதம்ப என்கிற கடைசிச் செங்குத்துப் பகுதியில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து "வழி, வழி" என்று குரல் வந்தது. மெலிந்த மனிதர் ஒருவர், முதுகில் கேஸ் சிலிண்டர், காலில் ரப்பர் செருப்பு. எங்களைத் தாண்டிப் போய்விட்டார். எவ்வளவு கூலி என்று கேட்க நினைத்தேன், மூச்சு வரவில்லை. அடுத்த கடையில் 150 ரூபாய்த் தேநீரை வாங்கி, பேசாமல் குடித்தேன்.

உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஈரச் சிமென்ட் தரை, மூக்கைப் பிய்க்கும் காற்று. பாதச் சுவட்டைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள். புத்தருடையது என்று பௌத்தர்களும், சிவனுடையது என்று இந்துக்களும், ஆதமுடையது என்று முஸ்லிம்களும் நம்புகிற பாதம். 1344-இல் இப்னு பதூதா இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். நாங்கள் குறைந்தது படியில் வந்தோம்.

சூரியன் வந்தபோது எல்லோரும் கிழக்குச் சுவரில் நெருக்கியடித்தார்கள். மேளமும் குழலும் ஒலிக்க, சாது சாது என்று குரல். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் போனாள். மேற்கே மேகத்தின் மேல் மலையின் நிழல். அச்சு எடுத்த மாதிரி முக்கோணம், நுனி கூர்மையாக. மலை எந்த வடிவில் இருந்தாலும் நிழல் அவ்வளவு தூரம் நீளும்போது பார்வைக்கு ஒரு புள்ளியில் போய்க் குவிகிறது, அதனால்தான் இந்த முக்கோணம். காரணம் தெரிந்தாலும் வாய் பிளந்துதான் நின்றேன். சூரியன் ஏற ஏற முக்கோணம் எங்களை நோக்கிச் சுருங்கி வந்து காணாமல் போனது.

அங்கே ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை முறை அடிக்கலாம். அக்கா ஒன்று, நான் ஒன்று. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நிதானமாக அடிக்கத் தொடங்கினார். முப்பது தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

ஏறுவது சிரமம் என்று எல்லோரும் சொல்வார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பாதி வழியில் தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. போதாததற்கு என் வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கமாகப் பிளந்துகொண்டது. ஒரு டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். சுமை கட்டும் பழைய ரப்பர் பட்டையில் ஒரு முழம் வெட்டி, ஷூவின் மூக்கைச் சுற்றி இரண்டு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று, அடியில் முடிச்சு விழாமல் பக்கவாட்டில் முடித்தார். முடிச்சு கீழே இருந்தால் படியில் வழுக்குமாம். காசு வேண்டாம் என்றார். "இந்தியாவுல எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். மதுரை என்றேன். "எங்க தாத்தா மதுரை ஜில்லாதான். ஊர் பேரு யாருக்கும் தெரியல" என்றபடி அடுத்த ஆளுக்குத் தேநீர் ஆற்றப் போய்விட்டார்.

பிப்ரவரி 13, செவ்வாய்: நுவரெலியா

காலையில் கட்டிலில் இருந்து இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹட்டனில் புது ஷூ, பிறகு பஸ். தலவாக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் டெவன், செயின்ட் கிளேர் நீர்வீழ்ச்சிகள் சாலையில் இருந்தே தெரிகின்றன. இறங்கிப் பார்க்கலாமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

நுவரெலியா 1,868 மீட்டர். வெள்ளைக்காரன் வீட்டு ஞாபகத்தில் கட்டிய ஊர். சிவப்புச் செங்கல் தபால் நிலையம், ஏரி, குதிரைப் பந்தய மைதானம். எனக்குப் பிடித்தது ஊரைச் சுற்றியுள்ள காய்கறிப் பாத்திகள்தான். லீக்ஸ், கோஸ், உருளைக்கிழங்கு, காரட் எல்லாம் மலைச்சரிவில் வரிவரியாக. ஜனவரியில் காரட் கிலோ இரண்டாயிரம் ரூபாய்வரை போனது என்று ஆட்டோக்காரர் சொன்னார். "அப்போ மாலைக்குப் பதிலா காரட்டைக் கோத்துப் போட்டிருக்கலாம், அக்கா" என்றார். இன்று அவ்வளவு இல்லை. அக்கா கால் கிலோ வாங்கி, கழுவி, ஆட்டோவிலேயே கடித்துத் தின்றாள்.

விடுதியில் வெந்நீர் உண்டு என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். குழாயைத் திறந்தால் பனிக்கட்டி உருகி வருகிறதோ என்று சந்தேகம் வரும்படியான தண்ணீர். முறையிட்டதும், ஹீட்டர் நேற்றுவரை வேலை செய்ததாம். நேற்று இருந்தவர்களுக்கு யோகம். கடைசியில் சமையல்கட்டுப் பெண் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதில் பாதி குளிக்க, பாதி கால் ஊறவைக்க. இரவு கொத்து ரொட்டி. இரும்புத் தட்டில் இரண்டு தகடுகள் மோதும் சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. ஒரு தட்டு 800 ரூபாய், இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம்.

பிப்ரவரி 14, புதன்: ஹோர்ட்டன் சமவெளி

விடுதியில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துத் தம்பதியோடு வேனைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஐயா ஓய்வுபெற்றவர். அம்மா மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தார். காலை ஐந்து மணிக்கு, "வாங்கோ பிள்ளையள், ஏறுங்கோ" என்று வேனுக்குள் இருந்து குரல். அவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு ஓட்டுநர் சுருக்கமாகச் சொன்னார்: "ஒன்பது மணிக்கு மலை மூடிரும்." வாசலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பனிமூட்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

நுழைவுச்சீட்டில் உள்ளூர்க்காரர்களுக்குச் சில்லறைக் காசு, வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கு. அதன்மேல் வரி, சேவைக் கட்டணம், வண்டிக்குத் தனி. அதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. அடுத்து பிளாஸ்டிக் சோதனை. இங்கேதான் அம்மாவுக்கும் காவலருக்கும் வாக்குவாதம். பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் காவலர் நகத்தால் கீறி உரித்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சாண்ட்விச்சை வெளியே எடுத்தார். "தம்பி, அப்ப இதை நான் கையிலயே வச்சுக்கொண்டு நடக்கிறதோ?" என்றார் அம்மா. காவலர் பதில் சொல்லாமல் பழுப்புக் காகிதப் பை ஒன்றை எடுத்து, பிஸ்கட்டை உடையாமல் அடுக்கி, மேல்பக்கத்தை மடித்துக் கொடுத்தார். உள்ளே ஒன்பதரை கிலோமீட்டர் சுற்றிலும் ஒரு மிட்டாய்க் காகிதம்கூட என் கண்ணில் படவில்லை. இந்த ஒரு விஷயத்தை நம் மலைகளுக்குக் கடன் வாங்கலாம்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இவ்வளவு பெரிய புல்வெளி இருக்கும் என்று நினைக்கவில்லை. புல்லின் நுனியெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. மிதித்தால் நொறுங்கியது. ஓரங்களில் குட்டையாக, காற்றுக்கு வளைந்த மரங்கள், கிளையெல்லாம் பாசி. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் தரும் இடம் இது. பாதையோரச் சதுப்பில் கால் வைத்தால் தண்ணீர் கொப்பளிப்பதைப் பார்த்தபோது அது புரிந்தது. நடுநடுவே மஞ்சள் பூ பூத்த முள்புதர். பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்ட செடி, இப்போது புல்வெளியை விழுங்குகிறது என்று ஐயா சொன்னார். ஒரு கிளையை ஒடிக்கப் போனவர் முள் குத்தி விட்டுவிட்டார்.

உலக முடிவு என்ற இடத்துக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தரை அப்படியே முடிந்துவிடுகிறது. கீழே ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம். தெற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் குறைந்துகொண்டே போய், தூரத்தில் ஒரு நீர்த்தேக்கம் மின்னியது. நேர் கீழே, தேயிலைப் பச்சைக்கு நடுவே, சில தகரக் கூரைகள். நன்பேரியல் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் என்றார் ஓட்டுநர், அவரும் எங்களோடு நடந்து வந்திருந்தார். அவ்வளவு உயரத்தில் இருந்தும் ஒரு கூரையிலிருந்து புகை எழுவது தெரிந்தது. யாரோ காலைச் சமையல் செய்கிறார்கள். அக்கா விளிம்பில் இருந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதே காலுக்குக் கீழிருந்து மேகம் ஏறியது. கூரை போயிற்று, தேயிலை போயிற்று, நீர்த்தேக்கம் போயிற்று. பத்து நிமிடத்தில் எதிரே வெள்ளை மட்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கூட்டம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. ஐயா அவர்களிடம், "கொஞ்சம் இருந்து பாருங்கோ, சில நேரம் விலகும்" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, விலகாது என்பதாகத் தலையாட்டினார்.

பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பினோம். அழகுதான், ஆனால் அதற்கு இறங்கிய படிகளைத் திரும்ப ஏற வேண்டும் என்பதே என் மனதில் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் கொம்புள்ள கடமான் ஒன்று வேன் வேனாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உணவு கொடுக்காதீர்கள் என்ற பலகைக்குக் கீழேயே ஒருவர் வாழைப்பழம் நீட்டினார். அம்மா போட்ட சத்தத்தில் மான் நகரவில்லை, மனிதர் நகர்ந்துவிட்டார்.

வேன் எங்களைப் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டது. நாட்டிலேயே உயரமான நிலையம். அங்கே குளிரில் காத்திருந்ததைத் தனியாக எழுதலாம். ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். மேடையில் ஒரு நாய், நாங்கள், நிலைய அதிபர். அவர் தன் அறையில் இருந்து பெஞ்சை இழுத்து வெளியே போட்டு, வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்த்தியும் வைத்தார். ரயில் வந்து 6,226 அடி என்று எழுதிய பலகையைத் தாண்டி ஒரு குகைக்குள் போனது. இந்தப் பக்கம் மூட்டம், அந்தப் பக்கம் பளீர் என்று வெயில்.

பிப்ரவரி 15, வியாழன்: அப்புத்தளை

ரயில் தாமதத்தால் இரவு தூங்கவே நேரமாகிவிட்டது. லிப்டன் சீட்டுக்கு விடியற்காலை ஆட்டோவில் போனால்தான் பார்க்க முடியும் என்றார்கள். அக்கா, "இன்னிக்கும் இருட்டுலயா? நான் சூரியனைப் பார்த்துட்டேன், போதும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். ஆக, ஏழரை மணி பஸ்.

தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையில் இறங்கி ஏழு கிலோமீட்டர் ஏற்றம். தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர். மேலே ஒரு முனையில் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்ப்பாராம். வழி நெடுக லயக் குடியிருப்புகள், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், சின்ன மாரியம்மன் கோயில், அதன் வாசலில் காயப்போட்ட பள்ளிச் சீருடை.

பாதி ஏற்றத்தில் ஒரு கொழுந்து எடுக்கும் அம்மா, சரிவில் நின்றபடியே எங்களைப் பார்த்து, "இப்பப் போயி என்னத்தப் பார்க்கப் போறீங்க? மேல எல்லாம் மூடிருச்சு" என்றார். அவர் விரல்கள் பேச்சுக்காக நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்தால் சரியாகக் கூடைக்குள் விழுகிறது. இடுப்பில் சாக்குத் துணி, காலில் பாசி படிந்த கல்லில் பிடி தேடும் ரப்பர் செருப்பு. ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ எடுத்தால் ஆயிரம் ரூபாய், குறைந்தால் சம்பளமும் குறையும் என்றார். 2021-இல் நிர்ணயித்த ஆயிரம் அது. அதற்கப்புறம் நாட்டில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது.

போன வருடம் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று கூட்டம், ஊர்வலம் எல்லாம் நடந்ததே என்று கேட்டேன். "நடந்துச்சு. எங்க வீட்டுக் கூரைய மாத்துவாங்கன்னு பார்த்தேன்" என்றார். பிறகு அவர் முறை. மதுரையில் அரிசி என்ன விலை, பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லையாமே, நிஜமா? நிஜம்தான் என்று அக்கா சொன்னதும், பக்கத்து நிரையில் இருந்தவர்களிடம் சத்தமாக அறிவித்தார். சரிவு முழுக்க ஒரே பேச்சு. அதற்குள் கங்காணி மேலே இருந்து குரல் கொடுத்துவிட்டார்.

மேலே அவர் சொன்னபடியேதான். லிப்டன் சிலையாகக் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஐந்து மாகாணங்கள் தெரியும் என்று பலகையில் எழுதியிருந்தது. எங்களுக்கு எதிரே இருந்த கம்பி வேலி தெரிந்தது. கடையில் சூடான ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது. அந்த ரொட்டிக்காக இன்னொரு தடவை ஏழு கிலோமீட்டர் நடப்பேன்.

பிப்ரவரி 16, வெள்ளி: எல்ல

எல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே தெரு, இரண்டு பக்கமும் உணவகம், எல்லாவற்றிலும் அதே மெனு, அதே பாட்டு. ஒரு காப்பி 950 ரூபாய். அக்கா மெனுவை மூடி வைத்துவிட்டு, "நேத்துப் பார்த்த அம்மாவோட ஒரு நாள் கூலிடி" என்று எழுந்துவிட்டாள். தெருக்கோடியில் பெட்டிக்கடைத் தேநீர் 100 ரூபாய்க்குக் கிடைத்தது.

ஒன்பது வளைவுப் பாலம் மட்டும் விதிவிலக்கு. 1921-இல் கல், செங்கல், சிமென்ட்டாலேயே எழுப்பியது, இரும்பு கிடையாது. ரயிலுக்காகக் காத்திருக்கும் கூட்டம் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறது. ரயில் ஊதியதும் ஓரமாக ஒதுங்குகிறார்கள், பெட்டிகள் கையெட்டும் தூரத்தில் போகின்றன. பயமில்லாமல் பார்க்க முடியவில்லை. சின்ன சிவனொளிபாத மலை என்ற குன்றுக்கு மாலையில் ஏறினோம். பெரிய மலைக்குப் போய்வந்த கால்களுக்கு அது ஒன்றுமில்லை. வழியில் இருந்த ஜிப்லைனைக் காட்டி, போகலாமா என்றேன். அக்கா பதிலே சொல்லவில்லை.

பிப்ரவரி 17, சனி: தியலும

கொஸ்லந்தைக்காரரின் ஆட்டோ. போக, காத்திருக்க, திரும்ப வெல்லவாயவில் விட ஏழாயிரம் ரூபாய். வழியில் இராவணன் நீர்வீழ்ச்சி சாலையோரமாகவே கொட்டுகிறது. குரங்குகள் வண்டிக்குள் கைவிட்டுப் பார்க்கின்றன. கொஸ்லந்தையை நெருங்கும்போது ஓட்டுநர் கையை உயர்த்தி, "மீரியபெத்தை அந்தப் பக்கம்" என்றார். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய தோட்டம். அன்று பள்ளிக்குப் போயிருந்ததால் தப்பித்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அப்புறம் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.

தியலும 220 மீட்டர், உயரத்தில் நாட்டின் இரண்டாவது நீர்வீழ்ச்சி. கீழே சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பது ஒரு வழி. பூனாகலை சாலையில் போய், அருவி விழுவதற்கு முந்தைய இடத்துக்கு நடந்து இறங்குவது இன்னொரு வழி. தலை உயரத்துக்கு மானாப் புல், இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போக வேண்டும். கையெல்லாம் சின்னச் சின்னக் கீறல், வியர்வை பட்டு எரிகிறது. மழைக்காலத்தில் அட்டையும் சேர்ந்துகொள்ளுமாம். புல் முடிந்ததும் பாறைத் தட்டு, அதில் படிப்படியாகக் குளங்கள். ஒவ்வொன்றும் நிரம்பி அடுத்ததில் வழிகிறது, கடைசிக் குளத்துக்கு அப்பால் வானம்.

காய்ந்த மாதம் என்பதால் தண்ணீர் குறைவு, ஆனால் அதுதான் பாதுகாப்பு என்றார் ஓட்டுநர். மழை பெய்தால் மேலே இருந்து வெள்ளம் வருவது தெரியாதாம். எங்களை மேல் குளத்தில் இறக்கிவிட்டு, அவர் கடைசிப் பாறைக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டார். வெளிநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் விளிம்பில் படுத்துத் தலையை வெளியே நீட்டிப் படம் எடுக்கப் போனார்கள். விரலை வாயில் வைத்து ஒரு விசில். அவர்கள் திரும்பிப் பார்த்ததும், வா என்று கையசைத்தார், சிரிக்கவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பையன்கள் அவருடைய ஆட்டோவில் வந்தவர்களும் இல்லை.

அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பதினொரு மணி. மேகம் இல்லை, மூட்டம் இல்லை, கீழே சமவெளி வெல்லவாயவரை துல்லியமாகத் தெரிந்தது. தாமதமாக எழுந்து, நிதானமாக வந்து, முழுசாகப் பார்க்க முடிந்த ஒரே இடம் இதுதான். "ஒரு மலைக்காவது மனுஷனோட நேரம் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

வெல்லவாயவில் ஈரத் துணியோடு இறங்கி, சாலையோரம் அவித்த சோளம் வாங்கினோம், ஒன்று 150. அடுத்து மிரிஸ்ஸ, திமிங்கிலம் பார்க்க. சோளக்கடைக்காரரின் மச்சான் அங்கே படகில்தான் வேலை செய்கிறாராம். நீலத் திமிங்கிலம் இப்போது நன்றாக வருகிறது என்றார். அக்கா சோளத்தை வாயிலிருந்து எடுத்து, "படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"காலைல ஆறரைக்கு. அஞ்சரைக்கெல்லாம் ஜெட்டில நிக்கணும்."

"அப்போ நீ போய்ட்டு வாடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி சோளத்தைக் கடித்தாள்.